ஐம்பத்தொன்பது மில்லிமீட்டர்

கட்டி முடித்த கட்டடத்தை அளக்கப் போகும் நாளில் நான் நல்ல சட்டை போட்டுக்கொள்வேன். பட்டர்வொர்த்தில் ஃபெரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றும்போதே மனசு குதிக்கும். அன்றைக்கு இன்னும் அதிகமாகக் குதித்தது, ஏனென்றால் கெலுகோரில் இருக்கும் அந்த நான்கு மாடி டயாலிசிஸ் மையம் என் கட்டடம். காசு போட்டவர் யாரோ, கட்டியவர் யாரோ. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் புல் மண்டிய காலி மனையில் இறங்கி, இங்கேதான் மூலை என்று முளை அடித்தவள் நட்டாலியாகிய நான். பத்து வருடம் பிறர் சொன்ன இடத்தில் அளவுக் கம்பு பிடித்தபின் எங்கள் சர்வே கம்பெனி என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை அது.

கட்டடம் வரைபடத்தில் எங்கே இருக்கவேண்டும் என்பது ஒன்று, மண்ணில் எங்கே நிற்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை அளந்து வரைந்து, கையெழுத்துப் போட்டு நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பவேண்டும். அது போகாமல் கதவு திறக்காது. இந்தக் கட்டடத்தின் பின்சுவர் எல்லைக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

சைட் சூப்பர்வைசர் சந்திரசேகரன் கேட்டில் நின்றிருந்தார். முளை அடித்த முதல் நாள் இவர் தன் ஆட்களிடம், "பொம்பள போட்ட கோடு, ரெண்டு தடவ பாத்துக்குங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு மறதி உண்டு. சாவியை மறப்பேன், மழைக்கோட்டை மறப்பேன். இந்த மாதிரிப் பேச்சை மட்டும் மறக்கமாட்டேன்.

வேலையின் முதல் பாடம், எல்லைக் கற்களை நம்புவதற்கு முன் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று அளந்து பார்க்கவேண்டும் என்பது. அன்றைக்கு நான் அதைச் செய்யவில்லை. நான் ஏற்கனவே அளந்த கற்கள், நான் போட்ட கட்டடம் என்ற திமிர். நேராகப் பின்பக்கச் சந்துக்குப் போனேன். இடது மூலைக் கல்லில் மஞ்சளும் குங்குமமும் பூசி, மேலே ஒரு செம்பருத்தி வைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னும் அதற்கு இப்படித்தான் மஞ்சள் பூசியிருந்தது. நான் மாதாகோயிலுக்குப் போகிறவள்தான். இருந்தாலும் பூவை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான், கருவி குறிபார்க்கும் கண்ணாடி பொருத்திய ப்ரிசம் கம்பை அதன்மேல் நிறுத்தினேன்.

இப்போதைய கருவி தானாகத் திரும்பி ப்ரிசத்தைத் தேடிக்கொள்ளும், ஒரு ஆள் போதும். வலது மூலையில் சுவர் எல்லையிலிருந்து மூன்று மீட்டர் காட்டியது. அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டேன். இடது மூலைக்கு வந்தேன். இரண்டு மீட்டர், தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று.

மறுபடி அளந்தேன். கருவியை இடம் மாற்றி வைத்து அளந்தேன். மூன்று முறையும் அதே எண். ஐம்பத்தொன்பது மில்லிமீட்டர் குறைவு. என் முதல் கட்டடம் கோணல்.

என் முகத்தைப் பார்த்தே சந்திரசேகரன் பக்கத்தில் வந்தார். எண்ணைச் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன், ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், பிளான்ல மூணுன்னு போட்டுருங்கலா. யாரு வந்து டேப் புடிக்கப் போறா? உங்க பேரும் கெடாது, எங்க வேலையும் நிக்காது."

"என் பேரு கெடட்டும். இருக்கிறதத்தான் எழுதுவேன்."

"அன்னிக்கே சொன்னேன், ரெண்டு தடவ பாருங்கன்னு" என்று முனகிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் சைட் முழுக்கச் செய்தி பரவும் என்று தெரியும்.

மாடிப்படியில் உட்கார்ந்து அளவுப் படிவத்தை நிரப்பினேன். 'இடது மூலை 2.941, முளை அடித்ததில் பிழை' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம். நான் அளக்காமல் விட்டது. தப்பை ஒப்புக்கொள்வதென்றால் முழுசாக ஒப்புக்கொள்ளவேண்டும், அரைகுறையாக வேண்டாம் என்று எழுந்தேன்.

முன்பக்க இடது கல்லிலிருந்து பின்பக்க இடது கல் வரை நிலப் பட்டாவில் நாற்பத்தைந்து மீட்டர் எழுநூற்று இருபது. கருவி காட்டியது எழுநூற்று இருபது அல்ல, அறுநூற்று அறுபது. அறுபது மில்லிமீட்டர் காணோம். சுவருக்குக் கால் கிடையாது. நகர்ந்தது கல்.

சந்துக்கு ஓடினேன். இப்போதுதான் கண்ணில் பட்டது, இரண்டு வருடத்துக்கு முன் லேசாகச் சாய்ந்திருந்த கல் இப்போது நிமிர்ந்து நின்றது. குந்தி உட்கார்ந்து அடியில் மண்ணை விலக்கினேன். புது சிமெண்ட்.

"ஏம்மா, அங்க என்னா தோண்டுற?"

சந்துக்கு எதிர்வீட்டுப் பின்கேட்டில் ஒரு அம்மா நின்றிருந்தார். ஃபேக்டரி சட்டையைக்கூட மாற்றவில்லை, காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கவேண்டும். பெயர் ஜெயலெட்சுமி என்று பிறகு தெரிந்தது.

"அக்கா, இந்தக் கல்ல யாரு நட்டா?"

"நான்தான்." சந்தோரமாக ஓடும் சாக்கடையைக் கை காட்டினார். "இந்த லோங்காங் வெட்டுனப்ப மெஷினு இடிச்சு விழுந்து கெடந்துச்சு. மூணு நாள் பாத்தேன், ஒருத்தனும் தூக்கல. சிமெண்டு வாங்கி நானே நட்டேன்."

"இது சர்வே கல்லுக்கா. எல்லைக் கல்லு."

"தெரியும்லா, நம்பர் போட்டுருக்கே. எல்லைல நிக்கிறவன் காவக்காரன் தானே? காவக்காரன் படுத்துக் கெடக்கலாமா?"

"பழைய இடத்திலயா வச்சீங்க?"

"பழைய குழி லோங்காங் ஓரமாப் போயிருச்சு. மறுபடியும் விழுந்துரும்னு கட்டடத்துப் பக்கமா கொஞ்சூண்டு உள்ள தள்ளி வச்சேன். மூணு வெரக்கட." மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார்.

அந்த விரல்களின்மேல் என் டேப்பை வைத்தேன். அறுபது. அவ்வளவு நேரம் அழுகையை அடக்கியிருந்தவள் சிரித்துவிட்டேன். சைட்டில் ஐம்பது பேர் வேலை பார்த்திருப்பார்கள். கல் விழுந்ததைக் கவனித்து, தூக்கி நட்டு, எவ்வளவு தள்ளினோம் என்று நினைவும் வைத்திருந்தது இந்த ஒரு ஆள்தான். இவரைக் கோபிக்க என்னால் முடியவில்லை.

"நான் செஞ்சது தப்பா, புள்ள?"

"சட்டப்படி தப்புதான்க்கா. கல்லைத் தொட எங்க லைசென்ஸ் சர்வேயருக்குத்தான் உரிமை. நீங்க விழுந்ததத் தூக்குனீங்கன்னு நானே எழுதிக் குடுக்கறேன். ஆனா பழைய இடத்துக்குத்தான் போகணும்."

ஜெயலெட்சுமி கல்லைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம எடுங்க. வெளக்கேத்திட்டு எடுக்கலாம். எடுத்தா திரும்ப விழாம வைக்கணும், அது உன் பொறுப்பு."

என் முதலாளி ஸுல்கிஃப்லிதான் அந்த உரிமம் உள்ளவர். நான் முதலில் கற்களைச் சரிபார்க்காமல் விட்டதையும் சேர்த்து அவரிடம் சொன்னேன், அறிக்கையிலும் எழுதினேன். அதற்குத் திட்டு வாங்கினேன், வாங்கவேண்டியதுதான். நில அலுவலகத்துக் காகிதங்கள் முடிய இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் சைட்டில் என் பெயர் கோணல் மேடம்.

காகிதம் கைக்கு வந்தபின் வந்த வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்கு முன் முடித்துவிடவேண்டும் என்று ஸுல்கிஃப்லி காலையிலேயே வந்துவிட்டார். ஜெயலெட்சுமி சூடம் காட்டி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். பிறகு கல்லைப் பெயர்த்து, அதன் சரியான புள்ளியில் நிறுத்தினோம். லோங்காங் பக்கம் நானே சிமெண்டில் ஒரு சின்னத் தடுப்புக் கட்டி, பூவை எடுத்து மேலே வைத்தேன். ஜெயலெட்சுமி கல்லைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை என்று தலையாட்டினார்.

நான் சந்திரசேகரனைக் கூப்பிட்டேன். இடது மூலையில் ப்ரிசத்தை வைத்துவிட்டு வந்து, கருவிக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். பின்னால் அவருடைய ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"நீங்களே படிங்கண்ணே. சத்தமா."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"மூணு மீட்டர்..." என்று நிறுத்தினார். "மூணு மீட்டர், ஒரு மில்லி."

பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஜெயலெட்சுமிக்கு எண் புரிந்ததோ இல்லையோ, தன் பெண் பரீட்சையில் பாஸானது மாதிரி நின்றார்.

சந்திரசேகரன் சும்மா போகிற ஆள் இல்லை. "ஒரு மில்லி கூட இருக்கே, மேடம்" என்றார்.

"அது என்னோட தப்புதான்" என்று படிவத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினேன். "எழுதிக்குங்க."