ஏழு வீட்டுச் சாவியும் ஒரு கதவும்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே திருப்பூர் காலியாகிவிட்டது. மங்கலம் ரோட்டுச் சந்தில் மிஞ்சியவை காசிமாயனும் ஏழு வீட்டுச் சாவிகளும்தான். சாயங்காலம் லைட் போடவும், குழாயில் தண்ணீர் விட்டால் பிடித்து வைக்கவும் சொல்லி, ஊருக்குப் போனவர்கள் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன சாவிகள்.

அவர் மனைவி ராமுத்தாய் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதமாக ஓசூரில், மகள் ஜோதிகா வீட்டில் இருந்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு, அந்தக் கக்கூசில் இனி என்னால் குந்த முடியாது என்று சொல்லிவிட்டாள். காசிமாயன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பனியன் கம்பெனியில் முப்பது வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். ஆர்டர் கொடுக்கும் பையர் சொன்னதைச் சொன்னபடி வெட்டியே பழகிய கை. பழையதைப் பெயர்த்துவிட்டு வெஸ்டர்ன் கம்மோடு வைத்து அவளை அசத்திவிட முடிவு செய்தார். அதற்காக, லீவிலும் அவசர ஆர்டர், ஓசூர் வர முடியாது என்று ஒரு பொய் சொன்னார். அவள் மறுபேச்சில்லாமல் நம்பினாள். அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் கொஞ்சம் உறுத்தியது.

கொத்தனாரும் பிளம்பரும்கூட ஊருக்குப் போயிருந்ததால் வேலை இவர் தலையில். கடையில் கம்மோடை இஞ்ச் டேப்பால் அளந்து வந்து, பேட்டர்ன் அட்டையில் முழு அளவுக்கு வரைந்து வெட்டித் தரையில் போட்டுப் பார்த்தார். வெகு பொருத்தம். சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தார்.

சம்மட்டிக்குப் பீங்கான் மூன்றே அடியில் போனது. டைல்ஸ்தான் வம்பு செய்தது. கதவை மட்டும் தொடவில்லை. போன வருஷம் ராமுத்தாய் உள்ளே வழுக்கி விழுந்தபோது அவர் ஒரே உதையில் பெயர்த்த தாழ்ப்பாளின் காயம் அதில் இருந்தது. அந்த உதையைப் பற்றிக் கம்பெனியில் பலமுறை சொல்லியாயிற்று. சொல்லச் சொல்லக் கதையில் கதவு கனத்துக்கொண்டே போனது.

பதினொரு மணிக்கு நிமிர்ந்து, உடைத்ததையெல்லாம் பெருமையாகப் பார்த்தார். அப்போது வயிறு ஒரு முறை உருண்டது. வீட்டில் இருந்ததே அந்த ஒரு கக்கூஸ்தான்.

சாவிக்கொத்தை எடுத்தார்.

ஒரே வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நாளுக்கொரு வீடாக முறை வைத்துப் போனார். பூட்டிய வீட்டைத் திறந்து போய், பாத்ரூம் கதவை மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நுழைவார். சித்ரகலா வீட்டில் ஒரே டம்ளரில் நான்கு பிரஷ்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. இன்னொரு வீட்டுச் சுவரில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு. குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்து ஒரு குட்டித் துண்டு. வெளியே வரும்போது வாளியை நிரப்பி வைத்துவிட்டு வருவார். தன் வீட்டில் ஒற்றைப் பிரஷ் டம்ளரில் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் கிடந்தது.

நான்காம் நாள் அந்தோணிராஜ் வீட்டில், சாதாரணக் கக்கூஸ் மேலேயே நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அவன் அம்மாவுக்காக வாங்கியது. காசிமாயன் அதன் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். பிறகு வீட்டுக்கு வந்து ராமுத்தாய்க்குப் போன் போட்டு, ஆர்டர் பொய் முதல் ஏழு சாவி வரை எல்லாவற்றையும் ஒப்பித்தார். கதவைத் தட்டிவிட்டு நுழைந்ததைச் சொன்னபோது அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. தெம்பு வந்து, அப்படி ஒரு நாற்காலி இருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"சித்திரையிலயே ஜோதிகா வாங்கிட்டா. மடக்கிப் பஸ்ஸுல கொண்டாந்துரலாம்."

"பெறகு ஏந்தா வரல?"

அவள் திருப்பிக் கேட்டாள். "அன்னிக்கு எத்தன மணிக்குக் கதவ ஒதச்சீக?"

"கம்பெனி விட்டு வந்து... ஒம்போது இருக்கும்."

"நான் விழுந்தது மத்தியானம் மூணு மணிக்கு."

இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டதே இல்லை. உதைத்த கதையிலேயே இருந்துவிட்டார். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி வைத்துவிடுகிறேன் என்றார்.

"யாரு தெறக்க?" என்றாள் ராமுத்தாய். கோபமாகக்கூட இல்லை.

லீவு முடிந்த முதல் நாள், சாயங்காலம் ஐந்தரைக்கு, ராத்திரி வேலையை விட்டுவிட்டு ஒற்றை ஷிப்டோடு காசிமாயன் கம்பெனி கேட்டுக்கு வந்தார். உடம்புக்கு ஏதும் ஆகலீங்களே என்று வாட்ச்மேன் கேட்டார். ரோட்டில் வெயில் இன்னும் இருந்தது. அந்த நேரத்து மங்கலம் ரோட்டைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றென்று அவருக்கே தெரியவில்லை.

கம்மோடு இன்னும் பொருத்தவில்லை, அட்டைதான் கிடந்தது. கதவு மட்டும் மாறியிருந்தது. ராமுத்தாயைப் போனில் கூப்பிட்டார்.

"மணி ஆறுகூட ஆகல, எங்கருந்து பேசுறீக?"

போனைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்து, கதவை மெல்ல வெளிப்பக்கம் இழுத்தார். நீளமாகக் கிறீச்சிட்டது. திரும்பச் சாத்தினார்.



"இன்னொருக்காத் தெறங்க," என்றாள்.

திறந்தார்.