மூச்சை விடு, அப்புறம் தூக்கு

இடுப்பு விண்ணென்று தெறித்தது. கட்டில் காலைப் பிடித்துப் பக்கவாட்டில் புரண்டு, முட்டி போட்ட பிறகுதான் நிமிர முடிந்தது. இருபது வருஷம் சிமெண்டு மூட்டை சுமந்த முதுகு. லோடைக் குறைத்து இரண்டு மாதம் டைம் கொடுத்திருந்தார் மேஸ்திரி. அதற்குள் தேறி, அவர் கண் முன்னால் பத்து மூட்டையைப் பலகை ஏறி லாரியில் அடுக்க வேண்டும். முடியாவிட்டால் வேலை போச்சு.

ஆஸ்பத்திரி மாடியில் நர்ஸம்மா நடத்தும் யோகா வகுப்புக்கு என் மனைவி தள்ளிவிட்டாள். என்னோடு மூட்டை சுமக்கும் அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"படுத்து மூச்சு விடுறதுக்குப் பாடமா மாமா? நான் தினம் சும்மாவே விடுறேனே!"

மூன்று வாரம் போனேன். வலி கூடியதுதான் மிச்சம். ஒருநாள் நர்ஸம்மா என் பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தனை ஆச்சுண்ணே?"

"முப்பது."

"அஞ்சுதானே சொன்னேன்?"

"அஞ்செல்லாம் ஒரு வேலையாம்மா?"

"சரி, மூச்சு எங்க?"

அப்போதுதான் உறைத்தது. மூட்டை ஏற்றுகிறவன் நெஞ்சில் காற்றை அடைத்துப் பல்லைக் கடிப்பான். பாயிலும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

"நீங்க ஆசனம் பண்ணலண்ணே. லோடு இறக்குறீங்க."

அன்றிலிருந்து ஐந்துதான். உடம்பை வளைக்கும்போதெல்லாம் மூச்சை வெளியே விட்டேன். பிறகு கண்ணை மூடி உட்கார்ந்தேன். முதலில் மண்டைக்குள் லாரிகள் வந்து போயின. மெல்ல மெல்ல அவையும் குறைந்தன. வலி இறங்கியது. தூக்கம் வந்தது. வீட்டில் நான் கத்தாததைப் பார்த்து, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று மகள் கேட்டாள்.

சோதனை நாள். முதல் மூட்டைக்குப் பழக்க தோஷத்தில் மூச்சை அடக்கிவிட்டேன். நின்றேன். மூச்சை விட்டேன். ஏறினேன். ஐந்து. எட்டு. பத்து.

"இன்னொண்ணு போடுங்க மேஸ்திரி!"

"போதும்யா, வண்டி உட்கார்ந்துடும். நாளைலேர்ந்து முழு லோடு உனக்கு."

சிமெண்டுக் கொட்டகையே விசிலடித்தது. மைத்துனன் என்னைக் கட்டிக்கொண்டான். நான் தோளைத் தட்டியதும் முகத்தைச் சுளித்தான். சட்டையை விலக்கிப் பார்த்தேன். கன்றிப்போய்க் கிடந்தது.

"ஒண்ணுமில்ல மாமா. அந்தம்மா என்னையும் சேத்துப்பாங்களா?"

மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது: எனக்குக் குறைத்த லோடில் இந்த இரண்டு மாதமும் நாளுக்கு எட்டு மூட்டையை அவன்தான் சுமந்திருக்கிறான். ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. வேலை நாள் ஐம்பது. நானூறு மூட்டை அவனுக்கு நான் பாக்கி.