அனனியா விழ மறுத்தார்

1986 தவக்காலத்தில், கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் சிற்றூரின் பள்ளிக்கூட மண்டபத்தில், அகதிகளாய் வந்த எங்கள் எரேமியா நாட்டுக்கூத்து மேடையேறியது. எரேமியா நான். நுகம் சுமந்து, அடி வாங்கி, ஒப்பாரி வைக்கிற வேடத்தை வேறு யாரும் கேட்கவில்லை.

போட்டியெல்லாம் அனனியா வேடத்துக்குத்தான். பட்டு அங்கி, கிரீடம், உச்சத்தில் பாட்டு. பாபிலோனுக்குச் சிறை போனவர்கள் இரண்டே வருடத்தில் ஊர் திரும்புவார்கள் என்று பாடுகிற தீர்க்கதரிசி அவன். அந்த வேடத்தை மன்னார் இன்னாசித்தம்பி அண்ணை பிடித்துக்கொண்டார். மேடைக்கு வெளியேயும் அவர் அதைத்தான் பாடிக்கொண்டிருந்தார். அகதிகளின் விசாவைப் பார்க்கிற பொலிசில் விண்ணப்பித்தால், ஊரிலிருக்கும் மனைவி பற்றிமாவையும் மகளையும் இங்கே கூப்பிடலாம். அவர் விண்ணப்பிக்கவில்லை.

"ஏன் வீணா அலைவான்? வாற நத்தாருக்கு நானே போறன்" என்பார். எந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் என்று சொல்வதில்லை.

அண்ணாவியார் யேசுரட்ணம் கூத்தை ஊர் வழக்கப்படி வாயால் பாடித்தான் பழக்கினார். ஆளுக்கொரு வேலைநேரம் என்பதால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் பாட்டை மட்டும் ஊட்டினார். மிச்சக் கதையை வேதாகமத்தில் யாரும் தேடவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்; அது சுவாமியாரின் வேலை. எனக்கு மட்டும் வேலை கிடைத்திருக்கவில்லை, ஆகவே வாசித்திருந்தேன்.

கூத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முகாமில் தந்த செஞ்சிலுவைக் கட்டிலின் பலகையை, பாபிலோனின் நுகமாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு நான் பாடினேன்: "வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள், சிறையிருக்கும் பட்டணத்துக்காக மன்றாடுங்கள். ஊர் திரும்ப எழுபது வருடம்!"

 சனத்தின் நடுவிலிருந்து கத்தரீனா அக்கா எழும்பினார்.

"ஆரடா உனக்கு எழுபது எண்டு சொன்னது?"

"எரேமியா, அக்கா."

"அவன்ர வாயில மண்!"

"உவன் டேனிஷ் வகுப்பில முதலாம் ஆளாம். உவனுக்கென்ன, இஞ்சையே இருந்திடுவான்!" என்றது பின்வரிசை.

அனனியா வந்தார். என் நுகத்தைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். "இரண்டே வருடம்" என்று எடுத்தார் பாருங்கள், சனம் அழுதது. திரும்பப் பாடச் சொன்னது. முன்வரிசையில் டேனிஷ் சுவாமியாரும் கைதட்டினார். சபையில் மிச்சக் கதை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

என் முறை வந்தது. "அனனியா, ஆண்டவர் உன்னை அனுப்பவில்லை. இந்தச் சனத்தைப் பொய்யை நம்பவைத்தாய். இந்த வருடமே சாவாய்."

இன்னாசித்தம்பி அண்ணையின் முகம் செத்துவிட்டது. அந்த வரியை அவர் அப்போதுதான் முதன்முதலில் கேட்கிறார். சொன்னால் வேடத்தைத் திருப்பித் தந்துவிடுவார் என்று அண்ணாவியார் மறைத்திருந்தார்.

"என்னடா சொல்லுறாய்?" என்றார். அது பாட்டு அல்ல.

"இப்ப நீங்கள் விழவேணும், அண்ணை."

"நானெல்லோ நல்ல தீர்க்கதரிசி?"

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாவியார் சீறினார்: "விழு, இன்னாசி! செத்துத் துலை!"

"விழாதையுங்கோ, அண்ணை!" என்று சபை கத்தியது.

அவர் விழவில்லை. மேடையை விட்டு இறங்கி, சனத்தின் நடுவே நடந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அன்று என்னை ஏற்ற எந்தக் காரிலும் இடமிருக்கவில்லை. பின்னிருக்கை வெறுமையாக இரண்டு கார்கள் என்னைக் கடந்து போயின. எரேமியாவைச் சேற்றுக் கிணற்றில் இறக்கினார்களாம். என்னைப் பஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் பஸ் தரிப்பிடத்தில் விட்டார்கள். கிரின்ஸ்டெட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

கடைசியில் ஒரு பழைய கார் நின்றது. உள்ளே அனனியா, கிரீடத்தோடு.

"ஏறு."

ஏறினேன். 

"மெய்யாச் செத்தவனோ?"

"ஓம் அண்ணை. அந்த வருஷமே."

"சனம்?"

"எழுபது."

"அவன்ர பாட்டை நம்பிக் கைதட்டினவை?"

வேதாகமத்தில் அவர்களைப் பற்றி ஒன்றுமில்லை. 

அவர் காரை ஓரங்கட்டினார். 

"போன மாசம் பற்றிமா மன்னாரிலிருந்து கொழும்பு மட்டும் வந்து ரெலிபோன் எடுத்தவள். வரட்டோ எண்டு அழுது கேட்டவள். நான் சிரிச்சனான், அல்பேட். விசரி, கொஞ்சம் பொறன் எண்டு சிரிச்சனான்."



"நாளைக்குப் பொலிசுக்குப் போறன். டேனிஷ் கதைக்க நீ வா."

"என்ன சொல்லுறது, அண்ணை?"

"பெண்சாதியையும் பிள்ளையையும் கூப்பிடப் போறார் எண்டு சொல்லு." காரை எடுத்தார். "எழுபதைப் பற்றி மூச்சு விடாதை. டேனிஷ்காரர் பயந்துபோவாங்கள்."