கோச் லவ்லேடி வீட்டில் புல் வளராத ஐம்பது மாதங்கள்

அலபாமா மாநிலம் எட்டோகா ஊரில் புத்தி தெளிவாக உள்ள ஒரே மனிதன் தான்தான் என்று பொருளாதாரப் பேராசிரியர் ஆர்டிஸ் முல்லினாக்ஸ், கல்லூரி மாணவர் பத்திரிகையில் எழுத்துமூலம் அறிவித்தார். யாரும் மறுப்பு எழுதவில்லை. பத்திரிகை வெளிவந்தது ஒரு சனிக்கிழமை; ஊர் மொத்தமும் மைதானத்தில் இருந்தது. மறுநாள் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, அவருடைய பக்கத்து வீட்டில் புல் வளர்வது நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் க்ளின்ட் லவ்லேடி. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குத்தான் இந்த நாட்டில் கால்பந்து என்று பெயர். எட்டோகா கல்லூரியில் அந்த ஆட்டத்தை ஆடும் அணிக்குக் கடியாமைகள், அதாவது கடிக்கிற ஆமைகள், என்று பெயர். கடியாமைகளுக்கு லவ்லேடி தலைமைக் கோச். கிளேபோர்ன் கல்லூரியிடம் மூன்றாவது வருஷமாகத் தோற்றதால் அவரை அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று. ஆனால் அனுப்புவது சும்மா நடக்கிற காரியமா? பாதியில் அனுப்பினால் மிச்சமிருக்கும் ஐம்பது மாதத்துக்கும் மாதம் இரண்டரை லட்சம் டாலர் தரவேண்டும், அதுவரை அவர் எந்த வேலையும் செய்யக்கூடாது, செய்தால் அந்தச் சம்பளம் இதில் கழியும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. லவ்லேடி கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். கூடத்துக் கடிகாரம் நின்றது. கோப்பையில் இருந்த காப்பி அதே சூட்டில் இருந்தது, புதன்கிழமையும் அப்படியே இருந்தது. எதுவும் செய்யாமலிருக்க ஒருவனுக்கு அவ்வளவு பணம் கொடுத்தால் அவன் வேலிக்குள் எதுவும் நடக்காது என்பதை ஊர் இரண்டு வாரத்தில் புரிந்துகொண்டு, அடுத்த கோச் யார் என்ற பேச்சுக்குத் திரும்பியது.

பயன்பாடுகள் தாமாக வந்து சேர்ந்தன. சர்ச் விருந்துக்கு மூன்று நாள் முன்பே உருளைக்கிழங்கு சாலட் செய்து பெண்கள் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பாப்டிஸ்ட் சபையில் ஒரு கல்யாணம் தள்ளிப்போனபோது நாலடுக்குக் கேக் ஐந்து வாரம் அவர் சாப்பாட்டு மேஜையில் நின்றது, ஒரு பூ வாடவில்லை. லவ்லேடிக்கு நாற்பத்தாறு வயது, நாற்பத்தாறிலேயே இருந்தார், முகம் மழிக்கவேண்டியிருக்கவில்லை. அவர் மனைவிதான் ஆறு மாதத்தில் பென்சகோலாவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். “முடி வளரல, வெட்டிக்கப் போயி ஆறு மாசமாச்சு. பார்லர்ல எனக்குன்னு ஊர்க்கதை சேர்ந்து கெடக்கு, கேக்க முடியல” என்பது அவள் சொன்ன காரணம். சாகக் கிடந்த எண்பத்தெட்டு வயது மிஸஸ் டிரஸலைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டு சனிக்கிழமை தாக்குப்பிடித்தாள். அந்த வீட்டு டீவியில் ஆட்டம் முதல் கால்பகுதியைத் தாண்டவே தாண்டாது. “ஆட்டம் முடியாத எடத்துல உசுரோட இருந்து என்னத்த பண்ண?” என்று சண்டை போட்டுத் திரும்பிப் போனாள். கடியாமைகள் ஜெயித்த ஒரு சாயங்காலம் திருப்தியாகச் செத்தாள். அதன்பிறகு மனிதர்கள் யாரும் முயற்சி செய்யவில்லை.

முல்லினாக்ஸ் மட்டும் பொறுக்கமாட்டாமல் எழுதிக்கொண்டிருந்தார். தன் வருஷச் சம்பளம் எழுபத்திரண்டாயிரம் டாலரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் ஒன்பதே நாளில் வாங்கிவிடுகிறார் என்று கட்டம்போட்டு அச்சடித்தார். அவருடைய முழுக் கோபமும் வெர்லீன் ஸ்டப்ஸ் கறி சுட்டு விற்கும் கடைமேல்தான். அங்கே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து கேலன் ஊறுகாய் வாளி ஒன்று இருக்கும். கோச் ஒருவரை அனுப்பவேண்டும் என்று ஊருக்குத் தோன்றினால் வெர்லீன் வாளியைக் கழுவி, பெயர் எழுதி ஒட்டி, எடுத்து வைப்பாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பணம் போடுவார்கள். வாளிமேல் சிவப்பு மையில் ஒரு கோடு உண்டு. பணம் கோட்டைத் தொட்டுவிட்டால், கோழிப்பண்ணை முதலாளி ஹாய்ட் பிரஸ்லி ஊரின் மனசு தெரிந்துவிட்டதென்று மிச்சக் கோடியைத் தன் கையிலிருந்து எழுதிக் கொடுப்பார். எட்டோகாவில் இது மழை பெய்தால் குடை விரிப்பதைப்போல.

“மிஸ் வெர்லீன், ஒருத்தன ஒக்கார வைக்கறதுக்குக் காசு குடுக்கற ஊரு ஒலகத்துலயே இது ஒண்ணுதான். ஒங்க ஊறுகா வாளியில ஊரோட மூளை ஊறுது” என்று முல்லினாக்ஸ் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்வார். கையோடு துண்டறிக்கையும் கொடுப்பார்.

“நல்லா ஊறட்டும் ப்ரொபசரே, அப்பத்தான் ருசி. ஒங்களுக்குப் பன்றி வேணுமா, கோழி வேணுமா?”

“பன்றி. அப்பறம் கேளுங்க, இந்த வாளியில நான் ஒத்தக் காசு போட்டா, என் பட்டத்தக் கிழிச்சு அதுல கறி மடிச்சுக் குடுங்க.”

“ஒங்க பட்டத்துல எண்ணெ தாங்காது, கண்ணு” என்று வெர்லீன் பொட்டலம் கட்டுவாள். துண்டறிக்கைகளில்தான் அவள் வாரம் முழுக்கச் சோளரொட்டி மடித்தாள்.

லவ்லேடிக்கு வேலை போய் இரண்டாவது வருஷக் கோடையில், முல்லினாக்ஸின் நாய் டீக்கனுக்கு இருமல் வந்தது. நீலப்புள்ளி வேட்டைநாய், பதின்மூன்று வயது. உண்மையில் அது அவர் மனைவி ஓடெட்டின் நாய். அவள் இறந்து ஆறு வருஷம் ஆகியும், குளியலறைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் அவள் வெளியே வருவாள் என்று அந்த அறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை அந்த வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்பதால், முல்லினாக்ஸ் குழாயைக் கொஞ்சம் அடிக்கடியே திறப்பார். இதயம் வீங்கிவிட்டது, அதிகபட்சம் இரண்டு வாரம் என்றாள் மிருக வைத்தியர். மூன்றாம் நாள் டீக்கன் எழுந்து, வேலிச்செடிகளுக்கு நடுவே புகுந்து, லவ்லேடியின் வராந்தாவில் அவர் காலடியில் படுத்துக்கொண்டது. இருமல் நின்றது. முல்லினாக்ஸ் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துவந்தார். வேலியைத் தாண்டியதும் இருமல் தொடங்கியது. விட்டார். நின்றது. அறிவியல்முறைப்படி பதினொரு தடவை சோதித்தார். பன்னிரண்டாம் தடவை நாய் வரமறுத்ததால் ஆய்வு முடிந்தது.

அதன்பிறகு அவர் தினமும் மாலை அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். வராந்தாவில் லவ்லேடிக்குப் பக்கத்து நாற்காலியில், காலடியில் நாயோடு, லவ்லேடிக்குப் பணம் கொடுப்பதைக் கண்டித்து வாரம் ஒரு கட்டுரை எழுதினார். வேலிக்குள் மை காயாது என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் தெருவுக்கு எடுத்துப்போய் உலர்த்திவிட்டு வரவேண்டியிருந்தது. லவ்லேடி எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத ஆள். எழுத்துப்பிழை இருந்தால் காட்டிக்கொடுப்பார். இப்படி வருஷங்கள் போயின, அதாவது வேலிக்கு வெளியே.

ஐம்பது மாதத்தில் நாற்பத்தாறு கழிந்த ஒரு செப்டம்பர் மாலை லவ்லேடி சொன்னார், “ப்ரொபசர், ஜனவரி முப்பத்தொண்ணோட எனக்கு முடியுது. டெக்சஸ்ல ஒரு காலேஜ் கூப்புடுறாங்க. பிப்ரவரி ஒண்ணாந்தேதி கெளம்பறேன்.”

முல்லினாக்ஸ் பேனாவை மூடினார். “இங்கயே இருந்துருங்களேன். என்ன அவசரம்?”

“எனக்கென்ன, இருப்பேன். ஆனா யாராவது காசு குடுக்கணுமே. ஓசில சும்மா இருந்தா வேலைக்கு ஆவாது. என் மச்சான் பொழுதன்னைக்கும் சும்மாதான் இருக்கான், அவன் வீட்ல பாலு கெட்டுப்போவுது.” பிறகு குனிந்து டீக்கனின் காதை வருடினார். “ஒங்க கட்டுரையில போட்டா, இதுக்கு ஏதாச்சும் வழி சொல்வாங்களா?”

வழியை முல்லினாக்ஸ் தானே தேடினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அரைச் சம்பளத்தில் ஆராய்ச்சி விடுப்புக்கு விண்ணப்பித்து, கிடைத்ததும் வீட்டில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தார். நேர்மையாகவே உட்கார்ந்தார், புத்தகம்கூடத் திறக்கவில்லை. அவர் வீட்டுக் கடிகாரம் ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் தாமதமாக ஓடியது. டீக்கனைத் தூக்கிவந்து பார்த்தார். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டது, அவ்வளவுதான். தொகை பத்தவில்லை என்பது ஒரு பொருளாதாரப் பேராசிரியருக்கு யாரும் சொல்லித்தரவேண்டிய விஷயமில்லை. எட்டோகாவில் அந்த அளவு தொகையை ஒன்றும் செய்யாமலிருக்க வாங்கக்கூடியவர் இன்னொருவர்தான் இருந்தார்.

அவர் இப்போதைய கோச் மார்கஸ் டில்பெக், இரண்டு தெரு தள்ளி மேப்பிள் தெருவில் குடியிருப்பவர். சிக்கல் என்னவென்றால் டில்பெக் எல்லா வருஷமும் ஆறில் ஜெயித்து ஆறில் தோற்றார். அப்படிப்பட்டவரை யாரும் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டார்கள், துரத்தவும் மாட்டார்கள். எல்லாம் ஜாவோரியஸ் பிக்கன்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன் கையில் இருந்தது: அவன் எட்டோகாவுக்கு வந்தால் டில்பெக் நிலைப்பார், வராவிட்டால் ஊர் பொறுக்காது. மொபைல் என்ற நகரத்துப் பள்ளியில் படித்த அவன் எறிந்த பந்தைப் பிடிக்க ஆள் எங்கே ஓடினாலும், பந்து ஓர் ஓரமாகக் காற்றில் நின்று ஆள் வந்து சேரும்வரை காத்திருக்கும். பதினாலு கல்லூரிகள் அவன் வீட்டுக்குப் படையெடுத்தன. டில்பெக் மட்டும் பதினேழு தடவை போய், அவன் அம்மா செய்த வெண்டைக்காய்ப் பொரியலைத் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டார்; வெண்டைக்காய் அவருக்கு ஆகாது, ஒவ்வொரு தடவையும் திரும்பும் வழியில் காரை நிறுத்தவேண்டியிருந்தது. பையனுக்குக் கொடுக்கவென்று பிரஸ்லி பதினைந்து லட்சம் டாலர் ஒதுக்கினார். முன்பெல்லாம் இதை அட்டைப்பெட்டியில் வைத்து யாருக்கும் தெரியாமல் கொடுப்பார்கள். இப்போது சட்டமே ஒப்புக்கொள்வதால் காசோலையாகக் கொடுக்கிறார்கள், சுவாரசியம் குறைந்துவிட்டது என்று அவருக்கு வருத்தம்.

டிசம்பர் முதல் புதன்கிழமை பையன் தன் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜைக்குப் பின்னால் அம்மாவோடு உட்கார்ந்தான். மேஜையில் மூன்று தொப்பிகள். எதை எடுத்துத் தலையில் போடுகிறானோ அந்தக் கல்லூரி. எட்டோகாவில் பல்மருத்துவர் ஒருவர் வாயைத் திறக்கவைத்தபடியே ஆளை விட்டுவிட்டு டீவிக்கு முன்னால் ஓடினார். வெர்லீன் கடையில் கறி கருகியது. மூலையில் யாருக்கும் தெரியாதபடி முல்லினாக்ஸ் நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் அவர் பார்த்த முதல் கால்பந்து நிகழ்ச்சி அது. பையனின் கை கடியாமைத் தொப்பிக்கு மேல் போனது. முல்லினாக்ஸ் வாய்க்குள், “வேண்டாம்டா தம்பி, வேண்டாம்” என்றார். கை காதைச் சொறிந்துவிட்டு, பக்கத்திலிருந்த கிளேபோர்னின் சிவப்புத் தொப்பியை எடுத்தது. கிளேபோர்ன் பதினெட்டு லட்சம் கொடுத்திருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வெர்லீன் எழுந்து குழாயடிக்குப் போய் வாளியைக் கழுவினாள்.

டில்பெக்குக்கு மிச்சமிருந்தது எழுபத்திரண்டு மாதம், மாதம் மூன்று லட்சம். ஏற்கனவே ஒருவரை உட்காரவைத்த களைப்பில் ஊர் இருந்ததால் வாளி மெதுவாகத்தான் நிறைந்தது. கிறிஸ்துமஸ் போனது. ஜனவரி மூன்றாம் வாரம் பணம் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்று, ஐந்து நாளாக அசையவில்லை. லவ்லேடி வீட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து முல்லினாக்ஸ் கடைக்கு வந்தார். விடுப்பின் அரைச் சம்பளத்தில் மிச்சம்பிடித்ததும், அடுத்த கோடைக்கு வைத்திருந்ததுமாகச் சட்டை உள்பையில் ஒரு பணக்கட்டு இருந்தது.

“வாங்க ப்ரொபசரே. நோட்டீசு தீர்ந்துபோச்சு, ரொட்டி மடிக்கத் தாள் இல்லாம தவிக்கறேன்.”

“இன்னைக்கு எடுத்துட்டு வரல.”

“ஒடம்பு சரியில்லையா?”

“அவரைக்கா இன்னைக்கு நல்லா இருக்கா?”

வெர்லீன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, பானையில் அவரைக்காய் அடிப்பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு முதுகைத் திருப்பி நின்று, அடிப்பிடிக்காத பானையை வெகுநேரம் கிளறினாள். முல்லினாக்ஸ் சுற்றிலும் பார்த்தார். கட்டை எடுத்தார். உள்ளே போட்டபோது சத்தம் வரக்கூடாதென்று கையை மணிக்கட்டுவரை வாளிக்குள் விட்டு வைத்தார். பணம் கோட்டைத் தொட்டு, அதற்கு மேல் ஒரு விரல் வந்தது.

“டில்பெக் வீட்டு வாசப்படி ஒசரம்னு சொல்றாங்க” என்றாள் வெர்லீன், திரும்பாமலே. “டீக்கனுக்கு வயசான காலு, ஏறுமோ என்னமோ.”

“மூணே படிதான். சரிவா சாத்தப் பலகை ஒண்ணு அளவெடுத்து வெட்டி வச்சுட்டேன்” என்றார் முல்லினாக்ஸ்.