எழுந்து நிற்காத மெம்பர்

கடவுளுக்கு இந்தப் பஞ்சாயத்தில் வார்டு கிடையாது, வாக்கு கிடையாது, ஆகவே கூட்ட அறையில் இடமும் கிடையாது என்பது மெம்பர் சிவப்பிரகாஷ் உலகுக்கு வழங்கிய கோட்பாடு. உலகம் என்றால் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு மேற்கே, கேரள எல்லையில், தென்னந்தோப்புகளுக்குள் கிடக்கும் சில ஊர்கள்தான். தேர்தலில் ஜெயித்து உறுதிமொழி எடுத்தபோது மற்றவர்கள் தெய்வத்தின் பெயரால் என்றார்கள். அவன் மட்டும் உளமார என்று சொல்லிவிட்டு, அரசியல் சாசனத்தையே தான் பெற்றெடுத்த மாதிரி சபையைப் பார்த்தான்.

அங்கே கூட்டம் தொடங்குமுன் ஈஸ்வரப் பிரார்த்தனை உண்டு. கிளார்க் ஜிஸ்மி பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற அதே குரல். பாட்டில் எந்தச் சாமியின் பெயரும் இருக்காது. மழையும் விளைச்சலும் காவலும் கேட்கிற நான்கு வரிதான். அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். சிவப்பிரகாஷ் உட்கார்ந்தபடி போனைத் தடவிக்கொண்டிருப்பான். பாட்டு முடிந்ததும், இந்த விண்ணப்பம் எந்த ஆபீசுக்குப் போகிறது, ரசீது வருமா என்று ஜிஸ்மியிடம் பணிவாக விசாரிப்பான்.

ஆவணியில் தீர்மானமே கொண்டுவந்தான். அரசாங்க அறையில் பிரார்த்தனை கூடாது என்று மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினான். பேச்சில் பிழை இல்லை, அதுதான் சங்கடம். யாரும் மறுக்கவில்லை. பிரசிடெண்ட் குப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செரீங்க மெம்பர் தம்பி. நிறுத்திப்போடலாம்," என்றார். அவ்வளவுதான். சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு அந்த இணக்கம் என்னவோ போல இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோரும் வந்து உட்கார்ந்து, பாட்டு நீளத்துக்குப் பேசாமல் இருந்தார்கள். யாரும் சொல்லிவைக்கவில்லை. ஃபேன் மட்டும் சுற்றும். மௌனத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவர விதியில் வழி இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது; விடவில்லை. தேங்காய்கள் வாய்க்காலோடு மிதந்து போயின. மேலேரிக் கரையில் கசிவு என்றார்கள்; கிழக்கேரியிலும் என்றார்கள். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை பயமில்லை. கலங்கினால் உள்ளே கரை கரைகிறது என்று அர்த்தம். அன்று காலை இரண்டும் கலங்கலாக வந்தன. தரைப்பாலம் முழுகிவிட்டது, இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு ஜேசிபி. எந்தக் கரைக்கு அதை அனுப்புவது என்று முடிவெடுக்க அவசரக் கூட்டம் கூடியது.

மேலேரிக்குக் கீழே முதல் வீடு சிவப்பிரகாஷுடையது. அம்மா நாச்சம்மாள் அங்கேதான் இருந்தாள். கூட்டிவரப் போனவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள். அறைக்குள் நுழையுமுன் அவன் போன் செய்தான்.

"சினைமாட்டை உட்டுப்போட்டு நா எங்கடா வாரது? இங்க தவளச் சத்தங்கூட நின்னுபோச்சு," என்றாள். "ஏங்கண்ணு, இன்னைக்காச்சும் அந்தப் புள்ள பாடுமா?"

டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். டவர் இருந்தது.

கிழக்கேரி முருகேஸ்வரியின் வார்டு. அவளும் அவனைப் போலவே நன்றாகப் பேசினாள். அங்கே கீழே இருப்பவையும் வீடுகள்தான். கைகள் சரிபாதியாக உயர்ந்தன. பாக்கி பிரசிடெண்டின் ஓட்டு.

"நா ஒரு பக்கம் கை தூக்குனா இன்னொரு பக்கம் முழுகிப்போயிருமுங்க," என்றார் குப்பண்ணன். "எங்கைக்கு அந்தத் தெம்பு இல்லீங்க. சீட்டுப் போட்டர்லாம். அதுல சாமி கீமி ஒண்ணுமில்லீங்களே, மெம்பர் தம்பி?"

குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"இல்லீங்க," என்றான் சிவப்பிரகாஷ்.

மாரியம்மன் கோவிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்கிறவர்களைக் கல்லூரி மேடைகளில் அவன் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறான். இப்போது செக்ரட்டரி இரண்டு சீட்டுகளை ஒரே மாதிரி மடித்து, டீ வாங்கிவரும் தூக்குப்போசியில் போட்டுக் குலுக்கினார். பூசாரியின் கைகூட அவ்வளவு பதமாக இருக்காது.

எந்த வார்டையும் சேராதவள் என்று ஜிஸ்மியை எடுக்கச் சொன்னார்கள். கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வெளியே எங்கோ கனமாக ஏதோ சரிகிற சத்தம் கேட்டு அடங்கியது. எந்த ஏரிப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. சிவப்பிரகாஷ் எழுந்து நின்றிருந்தான். மற்றவர்கள் அவனுடைய தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தே இருந்தார்கள். கேட்பது கிடைத்தால் கிழக்கேரிக்கு என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். முருகேஸ்வரியின் பக்கம் திரும்பாமல் கண்ணை மூடினான். பாட்டின் முதல் வரி நினைவுக்கு வந்தது. அடுத்தது வரவில்லை, அதைப் பாடும்போதெல்லாம் அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன். முதல் வரியையே திரும்பத் திரும்ப உதட்டுக்குள் சொன்னான்.

ஜிஸ்மி தூக்குப்போசிக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. அவன் உதடு நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.