மூன்றாவது சீல்

"அக்கா, மாமா என்னை அடிக்கிறப்ப நீ ஏன் போய் வண்டிக்கு அடியில படுத்துக்கறே?" என்று தம்பி ஒருமுறை அவளிடம் கேட்டான்.

அவள் குனிந்து நட்டுகளைக் கழுவினாள். அங்கேதான் புருஷனின் கை எட்டாது என்பதை எப்படிச் சொல்வது?

ஒர்க்‌ஷாப்பில் மூன்றே பேர். புருஷன் முதலாளி, தம்பி மெக்கானிக். சாமான்களைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை.

அன்று காலை டாக்ஸிக்காரர் தன் பழைய காரோடு மூன்றாம் முறையாக வந்து நின்றார். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியிலிருந்து ஆயில் ஒழுகி, வாசல் வரை சொட்டுச் சொட்டாய்க் கோடு போட்டிருந்தது. எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை ஏற்கெனவே இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மாற்றியவன் தம்பி.

"சீல் போடறீங்களா, சல்லடை போடறீங்களாய்யா?" என்றார் டாக்ஸிக்காரர்.

புருஷன் டயர் கழற்றும் கம்பியை எடுத்தார். "கையை அழகுக்கு ஒட்டி வச்சிருக்கியாடா?"

"இல்ல மாமா, சரியாத்தான் போட்டேன். ஷாஃப்ட்லகூட ஒரு கீறல் இல்ல…"

கம்பி தம்பியின் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற டாக்ஸிக்காரருக்கே கேட்டது. தம்பி கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னைக்கும் ஒழுகட்டும். வலது கையும் போயிரும்," என்றார் புருஷன்.

அவள் தன் முந்தானையைக் கிழித்துத் தம்பியின் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். வலது கையும் போனால் அவன் எதை வைத்துப் பிழைப்பான்? ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன தடவை இந்தக் கார் இரண்டு நாள் இங்கேயே நின்றது. அதன் அடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஓடினால்தான் ஒழுகுகிறது.

டிஃபரன்ஷியலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, "அண்ணே, ஒரு சுத்து வேகமா ஓட்டிட்டு வாங்க," என்றாள். அவள் பேசி அதுவரை கேட்டிராத டாக்ஸிக்காரர், மறுபேச்சுப் பேசாமல் போய்வந்தார்.

பின் சக்கரங்களைக் கழற்றி, இரண்டு ஸ்டாண்டுகளில் காரை நிறுத்தி, மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். துடைத்த இடத்தில் புது ஆயில். ஆயில் ஊற்றும் நட்டை மெல்லத் தளர்த்தினாள். புஸ்ஸென்று காற்று சீறி, சூடான ஆயில் கன்னத்தில் தெறித்தது. உள்ளே இவ்வளவு காற்று அடைந்து கிடக்கக் கூடாதே!

சூட்டில் பொங்கும் காற்று வெளியேற அச்சின் மேலே ஒரு சின்ன மூடி உண்டு. கையை விட்டுத் தடவினாள். மூடியே தெரியாமல் வழவழவென்று பெயிண்ட் பூசியிருந்தது. போக வழியில்லாத காற்று, சீலைப் பிதுக்கி ஆயிலோடு வெளியே வந்திருக்கிறது.

வேலை முடிந்த வண்டியின் அடிப்பக்கத்துக்குப் பளபளவென்று கறுப்பு அடித்து அனுப்புவது புருஷனின் பெருமை. அந்தப் பிரஷ்ஷை அவர் வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

"சீல்ல தப்பில்ல. மூச்சு விடற ஓட்டையைப் பெயிண்ட் அடைச்சிருக்கு," என்றாள் அடியிலிருந்தே.

டாக்ஸிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, மூக்கை அடைச்சது நீதானா முதலாளி?"

சிரிப்பு அடங்குவதற்குள் புருஷனின் கால்கள் நெருங்கி வருவதை அவள் பார்த்தாள். செருப்புக்கால் ஸ்டாண்டை ஓங்கி உதைத்தது. இரும்பு சிமெண்டில் கிறீச்சிட்டு நகர்ந்தது. மறுபடியும் உதைத்தது. தம்பி பாய்ந்து வந்து ஒற்றைக் கையால் அவள் கணுக்காலைப் பற்றி இழுத்தான். முதுகுத் தோல் தரையில் உரிந்தது. அவள் தலை வெளியே வந்ததும் கார் தடாலென்று சரிந்து விழுந்தது.

கிடந்த கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புருஷனின் முழங்காலைப் பார்த்து ஒரே வீச்சு. அவர் சுவரோடு சாய்ந்து விழுந்தார்.

"இனிமே இவன்மேல கையை ஓங்கிப் பாரு. கையைத் தனியாக் கழட்டிப் பெட்ரோல்ல கழுவி வைக்கிறேன்."

கம்பியைக் கீழே போடாமலே டாக்ஸிக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒரு ஆட்டோ பிடிச்சு இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க வண்டி நாளைக்கு ரெடியாயிரும்."

"காத்து பிதுக்கின சீல் இனி உதவாது, புதுசு போடணும்க்கா," என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு. "சுத்திச் சுத்தித் தட்டு. ஒரே பக்கம் தட்டினா கோணிக்கும்."

"தெரியும். எத்தனை தடவை பார்த்திருக்கேன்? நீ போ."

அவள் ஜாக்கியை உருட்டிவந்து காருக்கு அடியில் தள்ளினாள். புருஷன் சுவரைப் பிடித்து எழுந்தார். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றார்; அவள் ஜாக்கியை ஏற்றிக்கொண்டிருந்தாள். பிறகு காலை இழுத்து இழுத்து வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.