தவறான விளையாட்டு

"சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி விட்டனீரோ?" என்று கேட்டார் என் கணவர் கோகுலன். விடவில்லை; ஆனாலும் "ஓம்" என்றேன். ருசி பார்த்தவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரவெட்டிக்குப் போனார். அங்கே அன்று பின்னேரம் ஓர் உதைபந்தாட்டப் போட்டி. அவர்தான் நடுவர்.

மறுநாள் காலை அவரை வீதியோர வாய்க்காலில் கண்டெடுத்தார்கள். மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் நசுங்கியிருந்தது. களவாக மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்றைப் பற்றி அவர் பொலிசில் முறைப்பாடு கொடுத்து அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

மரண விசாரணை முடிந்ததும் எழுதுவினைஞர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று உடலைப் பொறுப்பேற்பதற்கு. மற்றது என் வாக்குமூலமாம். ஆங்கிலத்தில் எழுதி அவசரமாகத் தமிழாக்கியிருந்தார்கள். 'எனது கணவரின் மரணத்தில் தவறான விளையாட்டு இருப்பதாக நான் சந்தேகிக்கவில்லை.'

"தம்பி, இவர் விளையாடிச் சாகேல்லை. இதென்ன எழுதியிருக்கிறீர்?"

"அது ஃபவுல் பிளே அக்கா. சட்டத்திலை உள்ள சொல்."

ஃபவுல் எங்கள் வீட்டில் அன்றாடச் சொல். சண்டைக்கு வரும் ஆட்டக்காரரிடம் என் கணவர் சொல்வார்: "நான் விசில் ஊதேல்லையெண்டால் நான் காணேல்லை எண்டுதான் அர்த்தம். ஃபவுல் நடக்கேல்லை எண்டில்லை."

அதைச் சொன்னதும் எழுதுவினைஞர் பொறுமையிழந்தார். "உங்கடை பந்தடி ஃபவுல் இல்லை உது. சதி, கொலை எண்டமாதிரி."

"அப்ப அதையே தமிழிலை எழுதும். சதி இல்லையெண்டு எழுதி, கீழை உம்மடை பேரையும் வையும்."

அவர் பேனையை மூடினார். "அது பெரிய சொல்லல்லோ, அக்கா."

"செத்தவர் சின்ன ஆளே?"

கணவரின் தமையன் கனகலிங்கம் என் காதருகே குனிந்தார். "பிள்ளை, கையெழுத்தைப் போட்டுவிடு. டிப்பர்காரர் ஆரெண்டு தெரியுந்தானே."

"தெரிஞ்சபடியாத்தான் போடேல்லை அத்தான்."

உடலுக்கான தாளில் கையெழுத்திட்டேன். மற்றதைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கையெழுத்திட வரச்சொல்லி மூன்று தடவை கடிதம் வந்தது. மூன்று தடவையும் போனேன். போகும்போதெல்லாம் அவர் முறைப்பாட்டில் கொடுத்த டிப்பர் இலக்கத்தையும் நசுங்கிய பின்பக்கத்தையும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை, பழைய தாளையே எடுத்து வைத்தார்கள்.

அதில் என் பெயருக்கு நேரே உள்ள புள்ளிக்கோடு இன்றைக்கும் வெறுமையாகவே இருக்கிறது.